கடப்பாரையை எடுக்கும் முன்

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டில் அரசுத் தொகுப்பு வீட்டுக்கு ஆணை கைக்கு வந்ததும் முதலில் நடக்கிற வேலை பழைய வீட்டை இடிப்பதுதான். இரண்டு கடப்பாரையும் நான்கு ஆளும் இருந்தால் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. மூங்கில் வரிச்சு விறகாகிறது. சுவர் மண் கடைக்கால் குழிக்குள் போகிறது. உத்தரமும் தூணும் வேலியோரம் மழையில் கிடந்து உளுக்கின்றன. இடிக்கலாமா, வைத்திருக்கலாமா, வைத்திருந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கிற மலைவாழ் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அரசு வீடு வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், 2030க்குள் குடிசைகளே இல்லாத நிலையை எட்ட 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதாகச் சொல்கிறது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. ஒழுகாத தளமும் பூட்டக்கூடிய கதவும் மலையில் இருப்பவர்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியவை. தரை மெழுகுவதும் அடுப்புப் புகையில் கண் எரிய நிற்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் தள வீடு கேட்டால் அது முழு நியாயம். ஆனால் புதியது வர வேண்டுமானால் பழையது போயே ஆக வேண்டும் என்று பல குடும்பங்கள் தாமாகவே முடிவுகட்டிவிடுகின்றன. பத்தடி தள்ளிப் புது வீட்டுக்கு இடம் இருக்கும்போதும் பழைய வீட்டின் மேலேயே கயிறு பிடித்து அளக்கிறார்கள். அங்கேதான் நான் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன்.

எதைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுச் சிறப்புமிக்க வீடு என்றால் செட்டிநாட்டு மாளிகையோ ஏற்காட்டு வெள்ளைக்காரர் பங்களாவோதான் நம் கண்ணில் நிற்கிறது. ஜவ்வாது மலையின் பழைய வீடு தாழ்ந்து நிற்கும். வரிச்சுக் கட்டி இரு பக்கமும் செம்மண் அப்பிய சுவர், தலை குனிந்து நுழைகிற வாசல், திண்ணையை மூடிக்கொண்டு கீழிறங்கும் புல் கூரை, உள்ளே அடுப்பு, அடுப்புக்கு மேலே தானியம் வைக்கிற பரண். சன்னல் பெரும்பாலும் இருக்காது. மார்கழிப் பனியில் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடிகள், வெளியிலிருந்து ஒரு வண்டிச் சாமான்கூட வராத காலத்தில் மலையில் கிடைத்ததை மட்டும் வைத்துக் கட்டிய வீடு இது.

அதன் வயதை நாற்பது, அறுபது என்று எண்ணுவதும் சரியல்ல. கூரை மாறியிருக்கும், சுவர் மறுபடி எழுந்திருக்கும். கட்டும் முறை மிகப் பழையது. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்கால மக்களின் குடியிருப்பு கிடைத்தது. தரையில் குழி பறித்து, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே கூரை போட்டு அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கம்புகள் நின்ற குழிகள் மண்ணில் தெரிந்தன. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் கம்பும் மண்ணும் புல்லும் சேர்த்து வீடு கட்டுகிற அறிவு எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த அறிவைக் கையில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இன்று உங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. முயலவும் கூடாது. பத்து வீட்டைப் பாதி பாதியாகப் பார்த்துக்கொண்டு பத்தும் விழுவதைவிட, ஊருக்கு இரண்டு வீட்டை முழுதாக நிறுத்துவது மேல். எந்த வீட்டை வைப்பது? உத்தரமும் தூணும் உறுதியாக இருக்க வேண்டும். சுவர் வயிறு தள்ளியிருக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: அந்த வீட்டில் நாளை ஏதாவது நடக்க வேண்டும். அடுப்பு எரிய வேண்டும், சாமை வைக்க வேண்டும், தாத்தா படுக்க வேண்டும், பொங்கலுக்காவது குடும்பம் கூட வேண்டும். ஆள் புழங்காத மண் வீடு மூன்று மழைக்குத் தாங்காது. புழங்க யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அளந்து, படம் எடுத்து, மரத்தைப் பத்திரப்படுத்திவிட்டு இடித்துவிடுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. எப்படி அளப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

வைத்திருக்க முடிவெடுத்தவர்கள் முதலில் வீட்டை ஒரு சுற்று நிதானமாகச் சுற்றிவர வேண்டும். நீளமான ஆணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தூணின் அடியிலும் குத்திப் பாருங்கள். தூண் உளுக்கத் தொடங்குவது தரையைத் தொடும் அந்த ஒரு சாண் இடத்தில்தான். ஆணி ஓர் அங்குலம் சுலபமாக இறங்கினால் அடி போய்விட்டது. அதற்காகத் தூண் முழுவதையும் மாற்ற வேண்டாம். மேலே உத்தரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டு, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, ஒரு கல்லை வைத்து அதன்மேல் தூணை உட்காரவைக்கலாம். மரம் மண்ணைத் தொடாதவரை கரையானுக்கு வழி கடினம். கல்லின் மேல் ஏறினால் மண் கோடு கண்ணுக்குத் தெரிந்துவிடும், தட்டிவிடலாம்.

சுவரில் விரிசல் இருந்தால் பயந்துபோய் உடனே மண் அடைக்காதீர்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு பாருங்கள். கோட்டைத் தாண்டவில்லையென்றால் அது எப்போதோ வந்து நின்றுபோன விரிசல். அடைத்துப் பூசினால் போதும். தாண்டியிருந்தால் அடியில் மண் இறங்குகிறது, அல்லது கூரைச் சுமை ஒரு பக்கம் சாய்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பூசுவது வீண். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சுவரின் நேரையும் பார்த்துவிடுங்கள். நடுவில் வயிறு தள்ளிய சுவருக்குப் பக்கத்தில் யாரையும் படுக்கவிட வேண்டாம். அதை அந்த இடத்தில் பிரித்துத் திரும்ப எழுப்புவதே பாதுகாப்பு.

இனி நான் மிகவும் வலியுறுத்துகிற விஷயம். மண் சுவரின் மேல் சிமென்ட் பூசாதீர்கள். மலையில் நல்ல நிலையில் இருந்த பல வீடுகளைக் கெடுத்தது இந்த ஒரு வேலைதான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வீட்டுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள், அதனால்தான் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது. மண் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதற்கேற்ப மிகக் கொஞ்சம் உப்பும், சுருங்கும். சிமென்ட் அப்படி அசையாது. ஓரிரு வருடத்தில் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழி இருக்காது. நனைந்த உடம்பின் மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டதுபோல் சுவர் உள்ளுக்குள் ஊறிக் கிடக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, தட்டிப் பார்த்தால் டொப்பென்று சத்தம். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாக விழும்போது பின்னால் இருந்த மண்ணும் சேர்ந்து விழுந்திருக்கும்.

தரைக்கும் இது பொருந்தும். உள்ளே சிமென்ட் தரை போட்டால் பூமியிலிருந்து மேலேறுகிற ஈரம் தரை வழியாக வெளியேற முடியாமல் சுவரடியைத் தேடிப் போகும். தரை மெழுகச் சிரமம் என்றால் கல் பாவுங்கள், இடுக்கில் மண்ணோ சுண்ணாம்போ வையுங்கள். மண் சுவரை ஒட்டிக் குளியலறை கட்டவே கட்டாதீர்கள்.

மண் பூச்சுக்குச் செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி, மறுநாள் வரை அசைக்காமல் வையுங்கள். அடியில் மணலும், நடுவில் வண்டலும், மேலே களியும் தனித்தனி அடுக்காகப் படியும். களி நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் பூச்சு வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். களி மிகக் குறைந்தால் பிடிப்பு இருக்காது, கையால் தடவினாலே உதிரும். பாட்டில் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாமல் சுவரிலேயே மூன்று கலவையை உள்ளங்கை அகலத்துக்குப் பூசி ஒரு வாரம் பாருங்கள். வெடிக்காமலும் உதிராமலும் இருப்பதே உங்கள் வீட்டுக்கான கலவை. பக்கத்து ஊர்க் கலவை உங்கள் மண்ணுக்கு ஒத்துவரும் என்று எண்ண வேண்டாம்.

கலவை முடிவானதும் சாமைத் தாளை விரல் நீளத்துக்கு நறுக்கிச் சேர்த்து, ஒரு வாரமாவது ஊறவிட்டு, தினமும் மிதியுங்கள். தாள் மண்ணில் மெல்ல அழுகத் தொடங்கி ஒரு பசை வரும், அந்த வாடை வந்தால் மண் பக்குவப்பட்டுவிட்டது. பழைய பூச்சில் தளர்ந்ததைச் சுரண்டிவிட்டு, சுவரில் தண்ணீர் தெளித்து, முதல் பூச்சை விரல் கனத்துக்குப் போடுங்கள். அது காய்ந்த பிறகு மெல்லிய இரண்டாம் பூச்சு, அதில் சாணமும் கலக்கலாம். கொளுத்துகிற வெயில் நேரடியாக அடிக்கும் சுவரை மாலையில் பூசுங்கள். மேலே சுண்ணாம்பு அடிப்பது நல்லது. அது மூச்சு விடும், பூச்சியையும் அண்டவிடாது. உங்கள் மலைக்காட்டில் விளைகிற கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் கலப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய வழக்கம். இப்போது கோயில் திருப்பணிகளிலும் அந்த வழக்கம் திரும்பி வந்திருக்கிறது. சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும். குழந்தைகளை விலக்கிவையுங்கள், கண்ணைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

சுவரடியில் ஒரு முழ உயரம் எப்போதும் முதலில் கெடும். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தரையில் பட்டுத் தெறிப்பதுதான் காரணம். அந்தச் சொட்டு விழும் இடத்தில் கூழாங்கல்லைப் பரப்பினால் தெறிப்பு பாதியாகக் குறையும். வீட்டின் மேட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மலைச்சரிவில் வரும் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். ஊருக்குள் சிமென்ட் சாலை போடும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாலை ஒவ்வொரு முறையும் அரையடி உயர்கிறது, பழைய வீட்டின் வாசல் பள்ளமாகிறது, தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. வேலை தொடங்கும் முன்பே ஊராட்சியில் பக்கக் கால்வாய் கேளுங்கள். சாலை போட்ட பிறகு கேட்டால் நடக்காது.

கூரைக்கு வருவோம். இதில்தான் வெளியூர் ஆலோசகர்கள் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. புல் கூரை ஏன் முன்புபோல் நிற்பதில்லை என்று கேட்டால் புல் சரியில்லை, ஆள் சரியில்லை என்பார்கள். நான் அடுப்பைப் பார்ப்பேன். பழைய வீட்டில் அடுப்புப் புகை பரணைத் தாண்டிக் கூரைக்குள் ஏறி, புல்லிலும் மூங்கிலிலும் கரியாகப் படியும். பூச்சியும் பூஞ்சையும் அந்தக் கரியை நெருங்காது. பரணில் இருக்கும் சாமையையும் கேழ்வரகையும் வண்டு தொடாது. சமையல் கேஸ் அடுப்புக்கு மாறியதும் புகை நின்றது, கூரையின் ஆயுளும் சுருங்கியது. கேஸை விட்டுவிடச் சொல்லவில்லை. விறகுப் புகை நுரையீரலைத் தின்கிறது, தினமும் அதில் நிற்கும் பெண்களுக்குக் கேஸ் அடுப்பு பெரிய விடுதலை. சமையல் புது வீட்டில் நடக்கட்டும். பழைய வீட்டு அடுப்பில் வாரத்துக்கு ஒருநாள், மழைக்காலத்தில் இரண்டு நாள், யாரும் உள்ளே உட்காராமல் ஓரிரு மணி நேரம் விறகைக் கனிய விடுங்கள், வெளியிலிருந்து ஒருவர் கவனித்துக்கொள்ளட்டும். விதைத் தானியத்தைப் பரணில் வையுங்கள். விதையும் பிழைக்கும், கூரையும் பிழைக்கும், வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கும்.

புல் வேயும்போது சரிவைக் குறைக்காதீர்கள். ஒரு முழம் உள்ளே போனால் ஒரு முழம் மேலே ஏற வேண்டும், அதற்குக் குறைந்தால் தண்ணீர் வழியாமல் புல்லுக்குள் இறங்கும். முகடுதான் முதலில் நைந்துபோகும். முழுக் கூரையையும் மாற்றக் காத்திராமல் முகட்டை மட்டும் அவ்வப்போது புதுப்பித்தால் மற்றது பல காலம் நிற்கும். காட்டில் உண்ணிச்செடி படர்ந்த இடத்தில் கூரைப்புல் எழாது. புல் கிடைப்பதில்லை என்பது உண்மையான புகார். வரப்பிலும் தரிசிலும் கொஞ்சம் புல்லை மேய்ச்சல் படாமல் வளரவிடுவதே எனக்குத் தெரிந்த வழி.

மூங்கிலை இளசாக வெட்டாதீர்கள். மூன்று வயதைத் தாண்டியதை, மழை முடிந்து காய்ந்த காலத்தில், பெரியவர்கள் சொல்கிறபடி தேய்பிறையில் வெட்டுங்கள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு வருகிறது. ஓடையில் சில வாரம் ஊறப்போட்டால் அது கரைந்துபோகும். ஓடை இல்லாதவர்கள் 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, கணுக்களைத் துளையிட்டு ஊறவைக்கலாம். அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடிக்கக் கூடாது.

மூங்கிலும் புல்லும் எடுக்க உரிமை இருக்கிறதா என்ற பயம் பலருக்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாகவே வரையறுக்கிறது. மரமல்லாத, தாவரத்திலிருந்து கிடைக்கும் வனப்பொருள் எல்லாம் அதில் அடங்கும். தொன்றுதொட்டு எடுத்துவரும் சமூகத்துக்கு அவற்றின்மேல் உரிமையை அச்சட்டம் ஏற்கிறது. ஆனால் உரிமை காகிதத்தில் இருக்க வேண்டும். உங்கள் கிராம சபை சமூக வன உரிமைக்கு மனு கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதைத் தொடங்குங்கள். மரம் வேறு கதை. காப்புக் காட்டில் உத்தரத்துக்காக ஒரு மரம்கூட அனுமதியில்லாமல் வெட்ட வேண்டாம். இடித்த வீடுகளின் பழைய மரம் ஊரிலேயே இருக்கும்போது அதைவிட நல்ல மரம் எங்கே கிடைக்கப்போகிறது?

கூரை வேய ஆள் இல்லை என்பது எல்லோரும் சொல்லும் கடைசிக் காரணம். ஜப்பானில் ஷிரகாவா-கோ என்ற மலைக் கிராமம் இருக்கிறது. செங்குத்தான புல் கூரை வீடுகளுக்காக 1995இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒரு வீட்டுக் கூரையை மாற்ற ஊரே வந்து ஏறும், அடுத்த முறை இன்னொரு வீட்டுக்கு எல்லோரும் போவார்கள். கூலி இல்லை, கைமாற்று உழைப்பு. இது புதூர்நாட்டுக்குப் புதிதா? நாட்டாரும் ஊர்க்கவுண்டரும் சொல்ல, ஊர் கூடி வேலை செய்த வழக்கம் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். ஊருக்கு இரண்டு வீடு என்று முடிவெடுத்தால் வருடத்துக்கு இரண்டு நாள் போதும்.

புல் கிடைக்காத வீட்டுக்குத் தகரம் போடுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் முகட்டில் காற்று போக இடைவெளி விட்டு, அடியில் மூங்கில் தட்டி கட்டுங்கள். இல்லாவிட்டால் பனிக்காலத்தில் தகரத்தின் உள்பக்கம் தண்ணீர் வியர்த்து மரத்தின் மேல் சொட்டும். ஏற்கனவே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. நனைத்து, முழுதாக இறக்குங்கள். மின்சாரத்துக்கும் ஒரு வார்த்தை. புல்லுக்குள் வெறும் ஒயர் ஓடக் கூடாது. குழாய்க்குள் ஒயர், சுவரில் விளக்கு, மீட்டருக்குப் பக்கத்தில் மின்கசிவைக் கண்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி. வீடு எரிந்துபோனால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

இடித்தே ஆக வேண்டிய வீட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் பேரன் பேத்தி இருந்தால் அவர்களையே இந்த வேலைக்கு வையுங்கள். நாலு பக்கமும் நேராக நின்று படம் எடுங்கள், ஒவ்வொரு படத்திலும் ஒரு மீட்டர் கோல் தெரியட்டும். பின்பு உள்ளே: அடுப்பு, பரண், உத்தரம் தூணில் உட்காரும் இடம், வரிச்சைக் கட்டிய முடிச்சு. முடிச்சைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆணி இல்லாமல் எப்படிக் கட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. டேப்பால் அளந்து கட்டம் போட்ட நோட்டில் தரைப்படம் வரையுங்கள். சுவர் கனம், வாசல் உயரம், திண்ணை அகலம், வாசல் பார்க்கும் திசை எல்லாம் வேண்டும். அளவு கொஞ்சம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, ஊரில் மூத்தவரை அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்து செல்போனில் குரலைப் பதியுங்கள். "இந்தக் கட்டைக்குப் பேர் என்ன, இது எந்த மரம், எந்த மாசம் வெட்டினீங்க, வீடு கட்டும்போது முதலில் எதை நட்டீங்க, யாரைக் கூப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். மலையேறி வந்த கதையையும் கேளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வெவ்வேறு மலைகளுக்குப் போனதாக மலையாளிகள் சொல்லும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் அச்சில் பதித்தார். உங்கள் குடும்பம் அதை வேறு மாதிரிச் சொல்லும். அந்த வேறுபாடு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிறகு மரங்களில் பெயிண்ட்டால் எண் எழுதி, அதே எண்ணை வரைபடத்திலும் குறித்துவிட்டு, கட்டிய வரிசைக்கு நேர்எதிர் வரிசையில் கழற்றுங்கள். இப்படிக் கழற்றிய வீடு திரும்ப எழும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் நிற்கும் பழைய வீடுகளில் பல, சொந்த ஊரில் இடிபட இருந்து, கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டப்பட்டவை. உங்கள் வீட்டை யாரும் அங்கே கொண்டுபோக வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூட வளாகத்திலோ மந்தையிலோ ஒரு வீட்டை அந்த மரத்திலேயே எழுப்பினால் பிள்ளைகள் பார்ப்பார்கள். பதிவுகளின் ஒரு படியை உதகை முத்தோரைப் பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பிவையுங்கள். மூலப்படி உங்கள் ஊரிலேயே இருக்கட்டும்.

பழைய கதவு, நிலை, உரல் கேட்டுக் கீழேயிருந்து ஆள் வருவார்கள். கொடுக்காதீர்கள். அவர்கள் தருகிற ஆயிரம் ரூபாய்க்கு அந்தக் கதவைச் செய்ய இன்று உங்களால் முடியாது.

கடைக்கால் தோண்டும்போதும் நிலம் திருத்தும்போதும் வேறொன்றும் நடக்கிறது. ஜவ்வாது மலை நெடுக நடுகற்களும், வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரிகளும் கிடைத்திருக்கின்றன. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த மலையில் பலவற்றைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மலையின் தெற்கடியில் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களை 1972இல் மாநிலத் தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக்கியபோது, பல்லவர் கால வட்டெழுத்து வரலாற்றில் ஒரு புது வாசல் திறந்தது. மரத்தடியில் நீங்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல் அந்த வரிசையில் வந்த ஒரு வீரனாக இருக்கலாம். பிள்ளையாராக வைத்திருக்கும் சிறு கல் கற்கோடரியாக இருக்கலாம். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் குள்ளர் வீடு என்று சொல்லும் கல்திட்டைகள் இறந்தோருக்காக எழுப்பியவை.

கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். இத்தனை நூற்றாண்டாக அந்தக் கற்களைக் காத்தது வழிபாடுதான். எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள், ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். மேடை கட்டுகிற ஆர்வத்தில் கல்லின் அடியைச் சிமென்டில் புதைக்காதீர்கள். பல கற்களில் கீழே தொடங்கும் எழுத்து அப்படித்தான் மறைந்துபோனது. கல்திட்டையின் பலகைக் கல்லை வாசல்படிக்கு எடுத்துவராதீர்கள். புதிதாக ஏதாவது வெளிப்பட்டால் கழுவாமல், நகர்த்தாமல், கிடந்தபடியே படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். மண்ணுக்குள் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு ஆண்டைத் தாண்டிய சிற்பத்தையும் தொல்பொருளையும் விற்பதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. வாங்க வருகிறவருக்கு இது தெரியும், விற்கிறவருக்குத்தான் தெரிவதில்லை.

அலுவலகத்தில் என்ன கேட்பது? வீட்டு ஆணை வருவதற்கு முன்பே, உங்கள் பட்டா இடத்தில் பழைய வீட்டை ஒட்டிக் காலி இடம் இருந்தால், புது வீட்டை அங்கே கட்ட அனுமதிக்கும்படி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். மனுவோடு இடத்தின் வரைபடத்தையும் பழைய வீட்டின் படத்தையும் இணையுங்கள். அந்தக் கட்டடம் இனி குடியிருப்பாக இல்லாமல் தானியக் கிடங்காக இருக்கும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பேச்சில் கேட்டது பேச்சிலேயே போய்விடும், பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்றில், ஊரில் நிறுத்தப்போகும் இரண்டு வீடுகள் எவை என்பதைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டால் தனிக் குடும்பத்தின் கோரிக்கை ஊரின் கோரிக்கையாகிவிடும்.

பூச்சு வேலைக்கும் கூரை வேலைக்கும் தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். காற்று உலர்ந்திருக்கும், அறுவடை முடிந்து சாமைத் தாளும் கையில் இருக்கும். மண்ணை மார்கழிக் கடைசியிலேயே வெட்டிச் சலித்து, சுவரில் மூன்று சோதனைப் பூச்சையும் பூசிவைத்துவிடுங்கள். பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளை மண் மிதிக்கவும் வீட்டை அளக்கவும் அப்போதே பிடித்துக்கொள்ளலாம்.